மொட்டை எலியின் வால்

அத்தியாயம் 3

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கந்தோர்க் கதவைத் தட்டிய பெண் கதிரையில் இருக்கவில்லை. அலுமாரிக்கு அடியில் முனகிக்கொண்டு கிடந்த பூனைக்குட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

“இதுக்கு என்ன வருத்தம்?”

“முந்தநாள் மழைக்குள்ள வந்து ஏறினது. பிஸ்கட் வச்சாலும் மணந்து பார்த்துப்போட்டு முகத்தத் திருப்புது. பெரிய இடத்துப் புள்ளபோல,” என்றாள் நுஸ்ரா.

வந்தவள் குட்டியின் வாயை ஒரு விரலால் விரித்துப் பார்த்தாள். மேசையில் ஆறிக்கிடந்த நுஸ்ராவின் தேத்தண்ணியைக் கேளாமலே எடுத்தாள். பிஸ்கட்டை அதில் ஊறவிட்டு, நசித்து, விரல் நுனியில் வைத்து நீட்டினாள். குட்டி நக்கத் தொடங்கியது.

“கடிக்க ஏலாம கிடக்கு, பாவம்,” என்றாள். பிறகுதான் எழும்பி, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உதயரூபனைக் கும்பிட்டாள். “என்ட பேர் மங்கையற்கரசி. ஒரு புள்ளையக் காப்பாத்தித் தரணும் தம்பி. பின்னேரம் மூணு மணிக்குள்ள.”

உதயரூபனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மெய்யையும் பொய்யையும் ஒரே குரலில் மொழிபெயர்த்துக் களைத்து, வேலையை விட்டு, மட்டக்களப்பு நகரில் ஒரு புடவைக்கடைக்கு மேலே இந்தத் துப்பறியும் கந்தோரைத் திறந்தார். 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு அவருடைய வீட்டில் கதைக்க ஆளில்லை. அதனால் கந்தோரிலாவது ஓயாமல் கதைக்கிற ஒரு ஆள் இருக்கட்டும் என்று காத்தான்குடி நுஸ்ராவை உதவிக்கு வைத்துக்கொண்டார். அந்த ஒரு கணக்கில் அவர் ஏமாறவில்லை.

மங்கையற்கரசி சொன்ன கதை இதுதான். வவுணதீவுப் பக்கம் தனியார் உயிரியல் ஆய்வு நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே சுண்டெலிகள் வளர்க்கிறார்கள். கூடு கழுவுவது, தண்ணீர் வைப்பது அவளுடைய வேலை. கரடியனாற்றிலிருந்து கஜானி என்றொரு பிள்ளை அங்கே மேற்படிப்புக்கு ஆராய்ச்சி செய்கிறாள். வயல்காரரின் மகள். அவள் எலிகளின் எடையைப் பொய்யாக எழுதினாள் என்று குற்றம் சாட்டி, திங்கட்கிழமை காலையில் எலி அறையைப் பூட்டிவிட்டார்கள். இன்று மூன்று மணிக்கு விசாரணை. அதில் தோற்றால் படிப்பு போய்விடும், பேரும் போய்விடும்.

“நாலு நாளா ஒரு வார்த்தை கதைக்கிறாள் இல்ல. தாய்க்காரி ராவு பகலா அவளத் தனிய விடாமப் பக்கத்திலேயே இரிக்கா. இண்டைக்கு அவள் கள்ளியெண்டு சொல்லிப்போட்டாங்க எண்டா, அந்தப் புள்ள தப்பாது தம்பி. அவள் பொய் எழுதிற புள்ளையில்ல. ஆரோ அதுக்குள்ள கைவச்சிருக்காங்க. அது ஆரெண்டு எனக்குத் தெரியணும். எனக்கு அந்த ஆள்ட பேர் வேணும்.”

மங்கையற்கரசி போன பிறகு நுஸ்ரா தலைக்கவசத்தை எடுத்தாள்.

“சேர், இதுவரைக்கும் காணி உறுதி தேடினோம். களவு போன மாடு தேடினோம். சவூதியால வந்து ஒளிச்ச மாப்பிள்ளையத் தேடினோம். எலிக்குத் துப்புத் துலக்கிறது இதுதான் முதல். ஊருக்குள்ள ஆரும் கேட்டா மாடெண்டே சொல்லுவம்.”

உதயரூபன் சிரிக்கவில்லை. மூன்று மணி என்ற சொல் அவருடைய காதுக்குள் நின்றது.

*

வலையிறவுப் பாலத்தில் வாவிக் காற்று ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளியது. நிலையத்தில் அவர்கள் போய் இறங்கியபோது பதினொரு மணி. விசாரணைக்கு முன்னர் பிள்ளையின் சார்பில் ஒருவர் அறையைப் பார்க்கலாம் என்று விசாரணைக்கு அழைத்த கடிதத்தில் இருந்தது. கஜானியின் தகப்பன் கைப்பட எழுதி மங்கையற்கரசியிடம் கொடுத்துவிட்ட துண்டை உதயரூபன் நீட்டினார்.

நிலையத்தின் தலைவர் கலாநிதி திவாகரன் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, முகக்கவசத்துடன் நின்றுகொண்டார். எலி மயிர் பட்டால் அவருக்கு மூச்சு முட்டுமாம். சுவரில் இருந்த சின்ன ஒலிபெருக்கியால் கதைத்தார்.

“உடம்பை ஒரு சுவரெண்டு வையுங்க. கலங்கள்தான் கல்லு. கல்லும் கல்லும் ஒட்டியிருக்கச் சாந்து வேணும். டெஸ்மோகிளின் மூன்று என்ற பரம்பரையலகு அந்தச் சாந்தில ஒரு வகையைச் செய்யுது. சில எலிகளில அது வேலை செய்யாது. பிறக்கக்குள்ள ஒரு வித்தியாசமும் தெரியாது. வளர வளரத்தான் காட்டும். மூணு கிழமையில மயிர் கொட்டத் தொடங்கும். கூடப்பிறந்த நல்ல எலிகளை விட உடம்பும் சிறுத்துப்போகும். வெளிநாட்டில இதை வளர்க்கிற எல்லாரும் கண்டது அதுதான்.”

“கஜானி?”

“கஜானிட கொப்பியில மொட்டையும் நல்லதும் ஒரே எடை. அஞ்சு மாதமா, ஒவ்வொரு ஈத்திலயும். எங்களோட சேர்ந்து வேலை செய்யிற வெளிநாட்டுக்காரர் போன கிழமை கடிதம் போட்டாங்க. இது நடக்கவே நடக்காது எண்டு.”

“நீங்க எப்பவாவது உள்ளுக்குப் போய் நிறுத்துப் பார்த்தீங்களா சேர்?”

திவாகரன் முகக்கவசத்தைச் சரிசெய்தார்.

உள்ளே போக வெள்ளை அங்கியும் கையுறையும் முகக்கவசமும் தந்தார்கள். பன்னிரண்டு கூடுகள். அடியில் மரத்தூள், மேலே கம்பித் தட்டில் கொட்டை கொட்டையாகக் காய்ந்த தீன். ஒவ்வொரு கூட்டிலும் ஆங்கில எழுத்தும் இலக்கமும் போட்ட அட்டை. அதைத் தவிர வேறு அடையாளம் இல்லை. ஐந்து கூடுகளில் சாந்து இல்லாத எலிகள், ஏழில் நல்லவை என்று திவாகரன் வெளியிலிருந்து வாசித்துக் காட்டினார்.

“அட்டையை மாத்தி, நல்ல எலிய மொட்டைக் கூட்டுக்குள்ள விட்டிருப்பாள் எண்டுதான் என்ட சந்தேகம். மயிர் திரும்பவும் முளைக்கும். முளைச்சிருக்கிற நேரம் பார்வையில கண்டுபிடிக்க ஏலா.”

உதயரூபன் நுஸ்ராவைப் பார்த்தார். அவள் மேசையில் கிடந்த செலோடேப்பில் ஒரு துண்டு கிழித்து, மொட்டைக் கூட்டிலிருந்து எடுத்த எலியின் முதுகில் மெல்ல ஒட்டி எடுத்தாள். டேப்போடு ஒரு கற்றை மயிர் வந்தது. நல்ல கூட்டு எலியில் ஒட்டி எடுத்தாள். இரண்டு மயிர்தான்.

“சேர், இது ஒட்டாத எலிதான். எங்கட சின்னம்மாட சீமந்துச் சுவரும் இப்பிடித்தான், கலண்டர் மாட்டினா ஆணியோட சேர்ந்து சுவரும் வரும்.”

ஐந்து கூடுகளையும் சோதித்தார்கள். ஒன்றும் மாறியிருக்கவில்லை.

“சரி. நிறுத்துப் பாருங்க,” என்றார் திவாகரன்.

நுஸ்ரா எலிகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். திங்கட்கிழமைக்கு முதல் நாள் ஒரு மொட்டை எலிக்குக் கஜானி எழுதிய எடை பதினாறு கிராம். இப்போது பதின்மூன்று. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படித்தான். நல்ல எலிகள் மட்டும் கூடியிருந்தன.

“பார்த்தீங்கதானே.” கண்ணாடிக்கு வெளியே இருந்து வந்த குரலில் வெற்றி இல்லை, சோர்வுதான் இருந்தது. “எனக்கும் அந்தப் புள்ளையில விருப்பம்தான். ஆனா தராசு பொய் சொல்லாது.”

உதயரூபன் கையிலிருந்த எலியைப் பார்த்தார். நெற்றி மொட்டை. விலா எலும்பு விரலில் தட்டுப்பட்டது. உள்ளங்கையில் அது நடுங்கியது. அதன் வால் அவருடைய மணிக்கட்டைச் சுற்றிக் கிடந்தது. அவர் வாலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நுஸ்ரா, அடிமட்டம் எடு.”

“எலிக்குச் சட்டை தைக்கப்போறமா?”

“வாலை அள.”

மொட்டையின் வால் எழுபத்துநாலு மில்லிமீற்றர். அதே ஈத்தில் பிறந்த நல்லதின் வால் எழுபத்தைந்து. இன்னொரு சோடி. அங்கேயும் ஒரு மில்லிமீற்றர்தான் வித்தியாசம்.

உதயரூபன் கண்ணாடிக்குக் கிட்டப் போனார். “சேர், வெளிநாட்டுக்காரர்ட கடிதத்தில வால் நீளம் இருக்கா?”

திவாகரன் கடதாசியைப் புரட்டினார். “இருக்கு. மொட்டைட வால் நல்லா கட்டை. உடம்போட சேர்ந்து அதுவும் வளராது.”

“சின்ன வயசிலேருந்து நெடுகப் பசியில வளர்ந்த புள்ள கட்டையா இருக்கும். நல்லா வளர்ந்த புள்ள நாலு நாள் பட்டினி கிடந்தா மெலியும். கட்டையாகாது. நாங்க இந்த மாவட்டத்தில ரெண்டு வகையும் பார்த்திருக்கம். எடையைப் பட்டினி போட்டுக் குறைக்கலாம் சேர், வாலைக் குறைக்க ஏலா. இந்த எலிகள் போன ஞாயிறு மட்டும் நல்லாத்தான் வளர்ந்திருக்கு. கஜானி எழுதினது அத்தனையும் மெய். திங்கட்கிழமை நீங்க கதவைப் பூட்டினதோட என்னவோ ஒண்டு நிண்டுபோச்சு.”

“என்ன நிண்டது?”

கம்பித் தட்டில் இருந்த தீனை உதயரூபன் தொட்டுப் பார்த்தார். நல்ல கூடுகளில் பாதி குறைந்திருந்தது. மொட்டைக் கூடுகளில் மூலைகள் மட்டும் கொறிபட்டு அப்படியே கிடந்தது. “மரத்தூளைக் கிளறு,” என்றார்.

நுஸ்ரா இரண்டு கையாலும் கிளறினாள். எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு விரல் அகலமான மட்டி ஓடு. வாவிக் கரையில் காலில் குத்துகிற அதே மட்டி.

“சேர், எலி பாசிக்குடாக் கடலுக்குப் போய் வந்திருக்கு.”

ஓட்டின் குழிக்குள் இளஞ்சிவப்பாக ஏதோ படை பிடித்துக் காய்ந்திருந்தது. அவள் முகக்கவசத்தை விலக்கி மணந்து பார்த்தாள். பகிடி முகத்திலிருந்து இறங்கிவிட்டது. “வடிகஞ்சி. சிவப்பரிசி.”

ஐந்து மொட்டைக் கூட்டிலும் ஐந்து ஓடுகள்.

வெளியே திவாகரன் நெற்றியைத் தடவினார். “வாய்க்குள்ள தோலையும் அதே சாந்துதான் ஒட்டி வச்சிருக்கு. அது இல்லாட்டி வாயெல்லாம் புண். காய்ஞ்ச தீனைக் கடிக்க ஏலா. கஞ்சி எண்டா...” சட்டென்று நிமிர்ந்தார். “அப்ப அவள்தான் ஒளிச்சுக் குடுத்திருக்காள்! புதுசா ஒண்டு கண்டுபிடிச்சதாப் பேர் எடுக்க. பொய் எழுதிறத விட இது மோசம்!”

நுஸ்ரா உதயரூபனைப் பார்த்தாள். ஒரு கிணற்றிலிருந்து தூக்கிய பிள்ளையை அடுத்த கிணற்றில் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

“இந்த அறைப் பூட்டுக்கு எத்தனை திறப்பு?”

“ரெண்டு. ஒண்டு கஜானியிட்ட. மற்றது கூடு கழுவுற மங்கையற்கரசியிட்ட. அவவுக்கு இங்கிலிஷ் எழுத்துத் தெரியா, மயிர் முளைச்ச நேரம் எது எதெண்டு பிரிச்சுப் பார்க்கவும் தெரியா. அட்டை வாசிக்கிற ஆள்தான் இதைச் செய்திருக்கணும்.”

“மிச்ச ஏழு கூட்டையும் கிளறு,” என்றார் உதயரூபன்.

“நல்ல கூட்டிலயா சேர்?”

“நல்ல கூட்டிலதான்.”

ஆறு கூடுகளில் ஒன்றும் இல்லை. ஏழாவதில் நுஸ்ராவின் கை நின்றது. இன்னொரு மட்டி ஓடு. அதே சிவப்புப் படை.

அந்தக் கூட்டில் இருந்த எலிகளில் ஒன்று மட்டும் எலும்பும் தோலுமாக இருந்தது. மயிர் உறுதியாக இருந்தது, டேப்பில் வரவில்லை. உதயரூபன் அதன் உதட்டை மெல்ல விரித்தார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று சந்திக்காமல் கத்தரிக்கோல் போலக் குறுக்கே வளர்ந்திருந்தன.

“சேர், கள்ள வேலை செய்யிற ஆள் அட்டையைப் பார்த்துக் குடுத்திருப்பார். மொட்டையைக் கொழுக்க வைக்கத்தானே அவருக்குத் தேவை? கோணல் பல்லுள்ள நல்ல எலிக்குக் கஞ்சி குடுத்து அவருக்கு என்ன லாபம்? இந்த ஆள் அட்டையைப் பார்க்கவே இல்ல. வாயைப் பார்த்திருக்கார். கடிக்க ஏலாதது எதுவோ அதுக்கெல்லாம் வச்சிருக்கார்.”

ஒலிபெருக்கியில் திவாகரன் கேட்டார். “அப்ப ஆர்?”

உதயரூபன் அந்த ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அலுமாரிக்கு அடியில் ஒரு குட்டியின் வாயை விரித்துப் பார்த்த விரல் அவருக்கு முன்னால் நின்றது. தேத்தண்ணியில் நசிந்த பிஸ்கட் நின்றது. கட்டணம் பேசக்கூட மறந்து, எனக்கு அந்த ஆள்ட பேர் வேணும் என்று கேட்ட குரல் நின்றது.

சுவர் மணிக்கூட்டில் ஒன்று நாற்பது.

*

மங்கையற்கரசி வெளிவாசலுக்கு எதிரே மதகில் இருந்தாள். பேருந்தில் வந்து, விசாரணைக்கு முன்னர் வேலைக்காரரை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அங்கேயே காத்திருந்திருக்கிறாள். உதயரூபன் கையை விரித்து ஓட்டைக் காட்டினார்.

அவளுடைய முகம் மலர்ந்தது. “அட, என்ட ஓடு! திங்கட்கிழமை விடிய கஞ்சி வச்சன். அந்தப் புள்ள வரமுதல் எடுத்துப்போடுவன், அண்டைக்கு எடுக்க முதல் கதவைப் பூட்டிப்போட்டாங்க. எலியள் எப்பிடி இரிக்கி தம்பி? ஆரும் ஏதும் வச்சாங்களா?”

நுஸ்ரா தலையைத் திருப்பி வாவிப் பக்கம் பார்த்தாள்.

“அக்கா, வேற சாப்பாடு குடுக்கப்படாது எண்டு அறையில எழுதி ஒட்டியிருக்குதே.”

“ஓம். அந்தப் புள்ளதான் வாசிச்சுக் காட்டினது. நான் சாப்பாடு ஒண்டும் குடுக்கல்ல. கஞ்சித்தண்ணி சாப்பாடா? பத்தியம் காக்கிறவனுக்கும் அதத்தானே குடுக்கிற. ஒரு நாட்டுப் பரிசாரியும் வேணாமெண்டு சொல்லமாட்டார்.”

பதினெட்டு வருடம் அடுத்தவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் தயங்காமல் மாற்றிச் சொன்னவர் இதை எங்கே தொடங்குவதென்று தேடினார். மதகில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

“அக்கா, அந்த எலியள் சின்னதா இருக்கவேணும். அதத்தான் எல்லாரும் எதிர்பார்த்தாங்க. அதுகள் நல்லா வளர்ந்தபடியாத்தான் கஜானி பொய் எழுதினாளெண்டு...” அவர் நிறுத்தினார். “காலம நீங்க ஒரு பேர் கேட்டீங்க.”

அவள் ஓட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் ஓட்டைப் பார்த்தாள்.

“நானா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“சண்டைக்குள்ள வாகரையால ஓடி வந்து முகாமில இருந்தம்,” என்றாள் கடைசியில். கதை சொல்கிற குரல் இல்லை, சாட்சி சொல்கிற குரல். “எனக்கு அஞ்சு வயசில ஒரு மகன் இருந்தான். வாயெல்லாம் புண். நிவாரணத்துக்குக் குடுத்த பிஸ்கட் கல்லு மாதிரி. ஊறவைக்க நல்ல தண்ணி இல்ல. ஒரு சுண்டு அரிசி கிடைச்சிருந்தா ரெண்டு நாளைக்குக் கஞ்சி வச்சிருப்பன். பிஸ்கட்டக் கையில பிடிச்சபடிதான் கிடந்தான்.” சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினாள். “அதுகளும் அப்பிடித்தான் தம்பி, ரெண்டு கையாலயும் தீனப் பிடிச்சுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்.”

நுஸ்ரா வந்து அவளுடைய தோளில் கைவைத்தாள்.

“உங்கட பேரைச் சொல்லாமலும் நான் கதைச்சுப் பார்க்கலாம்,” என்றார் உதயரூபன். “ஆறாவது ஓடு இருக்கு. புள்ளைய விட்டிருவாங்க.”

“அரைவாசிதான் நம்புவாங்க. மிச்ச அரைவாசி அவள்ட முதுகில கிடக்கும், சாகும் மட்டும்.” மங்கையற்கரசி எழும்பினாள். இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். “எத்தனை மணி?”

*

மூன்று மணிக்குக் கஜானி தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் இருந்தாள். இருபத்தாறு வயது. மடியில் கொப்பி. மேசைக்கு அப்பால் இருந்த விசாரணைக்காரர் மூன்று பேரையும் அவள் பார்க்கவில்லை, கொப்பியின் மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதயரூபன் வாலையும் ஓடுகளையும் பற்றிச் சொன்னார். அதன் பிறகு மங்கையற்கரசி எழும்பி, மதகில் சொன்னதையே சொன்னாள். மகனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். மங்கையற்கரசியை மறு அறிவித்தல் வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அவள் திறப்பை மேசையில் வைத்தாள்.

“அந்த அஞ்சு மாத எடையும் இனிக் குப்பைதான்,” என்றார் திவாகரன் மெல்ல. “என்ன குடுத்தது, எவ்வளவு குடுத்தது ஒண்டும் தெரியாமல் அதை வச்சு என்ன செய்யிற?”

கஜானி எழும்பினாள். தாய் கையைப் பிடித்தாள். பிள்ளை கத்தப் போகிறாள், அல்லது அந்த மனுசியை அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மங்கையற்கரசியும் அதற்குத்தான் நின்றாள். தலையைக் குனிந்து, நகராமல்.

கஜானி அவளுக்கு முன்னால் வந்து கொப்பியைத் திறந்தாள். நான்கு நாள் மூடிக்கிடந்த தொண்டை கரகரத்தது.

“அக்கா, ஒரு ஓட்டுக்கு எவ்வளவு பிடிக்கும்?”

மங்கையற்கரசி நிமிர்ந்தாள். “தேக்கரண்டியால அரை. அதுக்கு மேல வழியும்.”

“ஒரு நாளைக்கு எத்தனை தரம்?”

“ரெண்டு. விடிய ஒருக்கா. நீங்க போன பிறகு ஒருக்கா.”

“எப்ப தொடங்கினீங்க?”

“தாயிட்ட இருந்து பிரிச்சுத் தனிக் கூட்டில விடுற அண்டைக்கே.”

“எல்லா ஈத்துக்குமா? ஒரு நாளும் விடல்லயா?”

“ஒரு நாளும் விடல்ல மனே. தீபாவளிக்கும் வந்தனான்.”

கஜானி திவாகரன் பக்கம் திரும்பினாள். “சேர், அப்ப அதுகள் சின்னதாப் போறது சாந்து இல்லாததால இல்ல. பசியால.”

அவள் மேசையிலேயே கொப்பியை வைத்து, எடை எழுதிய நிரலுக்குப் பக்கத்தில் அடிமட்டம் இல்லாமல் ஒரு கோடு கிழித்தாள். கோடு வளைந்தது. அதன் தலையில் ‘கஞ்சி’ என்று எழுதினாள்.

“மறுகா எழுதலாம் மனே,” என்றாள் மங்கையற்கரசி. “நாலு நாளா அதுகள் பட்டினி.”

மேசையில் கிடந்த திறப்பை விசாரணைக்காரர் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் தொடவில்லை. கஜானிதான் எடுத்தாள்.